ராணி எங்கே?

செஸ் எந்திரத்தின் பலகையில் இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்தன. முதலில் எஃப்2, அப்புறம் டி1. பலகையில் நெடுக்கு வரிசைக்கு எழுத்து, குறுக்கு வரிசைக்கு எண், இரண்டும் சேர்ந்தால் ஒரு கட்டத்தின் பெயர். எஃப்2இல் நிற்கும் குதிரையை எடுத்து டி1இல் இருக்கும் ராணியை வெட்டு என்று அர்த்தம். எந்திரத்துக்குக் கை கிடையாது, அதன் காய்களையும் நான்தான் நகர்த்த வேண்டும். அதனால் என் ராணியை என் கையாலேயே பலகையிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

அதற்கு முன்பே ஒரு பிஷப்பும் ஒரு சிப்பாயும் அந்தப் பெட்டிக்குள் போயிருந்தன. பதிலுக்கு நான் வெட்டியது இரண்டே சிப்பாய்கள். சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் பிஷப்புக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்ற வழக்கமான கணக்கில் பார்த்தால் நான் 11 புள்ளி பின்தங்கி இருந்தேன். ஆட்டம் தொடங்கிப் பத்து நகர்த்தல்தான் ஆகியிருந்தது. அந்த எந்திரத்துடன் ஆடத் தொடங்கிய பிறகு நான் ஜெயிக்கப்போகிறேன் என்று உறுதியாகத் தெரிந்த முதல் கணம் அதுதான்.

அது மேசை மேல் வைத்து ஆடும் வகை. 1980களில் இப்படிப்பட்ட செஸ் கணினிகள் நிறைய வந்தன. ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியில் அழுத்தத்தை உணரும் ஒரு சுவிட்ச் இருக்கும். காயை எடுக்கும் கட்டத்தை ஒருமுறை அழுத்த வேண்டும், வைக்கும் கட்டத்தை இன்னொரு முறை. சின்னதாக ஒரு 'பீப்'. பிறகு அது யோசிக்கும், விளக்கை எரியவிட்டுப் பதில் சொல்லும். உள்ளே இருந்தது ஒரு 8-பிட் நுண்செயலி. இன்றைய கைபேசியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் மாதக்கணக்கில் அது என்னைத் தோற்கடித்துக்கொண்டே இருந்தது.

தோற்ற விதம் பெரும்பாலும் ஒன்றுதான். எங்காவது ஒரு காயைக் காவல் இல்லாமல் விட்டிருப்பேன், அது எடுத்துவிடும். எதிரே மனிதர் இருந்தால் கவனிக்காமல் போகவும் வாய்ப்பு உண்டு. எந்திரத்திடம் அந்த நம்பிக்கைக்கே இடமில்லை. இரண்டு நகர்த்தலில் ஒரு சிப்பாய் கிடைக்கும் என்றால் அது கண்டிப்பாகப் பார்த்துவிடும். ஒரு சிப்பாய் அதிகமாகக் கையில் வந்ததும் காய்களை ஒவ்வொன்றாகப் பரிமாறிக்கொள்ளும். கடைசியில் அந்த ஒற்றைச் சிப்பாயை எட்டாவது வரிசைக்கு நடத்திப்போய் ராணியாக்கும். நாற்பது நகர்த்தலுக்கு மேல் மெதுவாகக் கழுத்து இறுகுவதுபோல இருக்கும்.

ஒருநாள் வேறு மாதிரி ஒன்று நடந்தது. தற்செயலாக அதன் ராஜாவை நான் ஒரு மூலையில் மடக்கியிருந்தேன். மேட் நெருங்கிவிட்டது, அதாவது ராஜா தப்ப வழியே இல்லாமல் ஆட்டம் முடியும் நிலை. அப்போது எந்திரம் தன் யானையைக் கொண்டுவந்து என் ராஜாவுக்குப் பக்கத்தில் வைத்து, ராஜாவையே தாக்கி ஒரு செக் கொடுத்தது. யானைக்குக் காவல் இல்லை. வெட்டினேன். அடுத்து பிஷப்பை வைத்து இன்னொரு செக். அதையும் வெட்டினேன். அப்புறம் ராணி. பதற்றத்தில் பொருட்களை வாரி இறைப்பதுபோல இருந்தது. எந்திரத்துக்கு ஏது பதற்றம்? ஏன் அப்படி ஆடுகிறது என்று அன்று எனக்குப் புரியவில்லை. புரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று தோன்றியது.

எந்திரம் எப்படி யோசிக்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அடிப்படை யோசனையை கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1950இலேயே எழுதிவிட்டார். எல்லா நகர்த்தல்களையும், ஒவ்வொன்றுக்குமான எல்லாப் பதில்களையும் ஒரு குறிப்பிட்ட ஆழம் வரை விரித்துப் பார். அந்த ஆழத்தில் நின்று காய்களை எண்ணி மதிப்புப் போடு. நல்ல மதிப்பு வரும் வழியில் போ. ஒரு நிலையில் சராசரியாக 30 நகர்த்தல் சாத்தியம் என்று வைத்துக்கொண்டால், ஐந்து படி ஆழத்துக்கே 2 கோடியே 43 லட்சம் நிலைகள் வரும். இங்கே ஒரு படி என்பது ஒரு பக்கத்தின் ஒரு நகர்த்தல். தேவையற்ற கிளைகளை வெட்டிவிடும் உத்திகள் உண்டு, அதனால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் எங்கோ ஒரு படியில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது அதைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை.

கணினி செஸ் ஆய்வாளர் ஹான்ஸ் பெர்லினர் 1970களில் இதற்குத் தொடுவான விளைவு என்று பெயர் வைத்தார். எந்திரத்தின் பார்வை முடியும் இடம்தான் தொடுவானம். ஆறாவது படியில் தனக்கு மேட் இருக்கிறது என்று எந்திரம் கண்டுகொண்டால், நடுவே ஒரு வீண் செக்கைச் சொருகும். மேட் எட்டாவது படிக்குத் தள்ளிப்போகும், அதாவது கண்ணில் படாமல் மறையும். கண்ணில் படாததால் மேட் நீங்கிவிட்டது என்று நம்பும். அதற்காக ஒரு யானையைக் கொடுப்பது அதன் கணக்கில் மிக மலிவு. அன்று வாரி இறைத்தது பதற்றத்தால் இல்லை, தப்பித்துவிட்டதாக அது ஒவ்வொரு முறையும் உண்மையிலேயே கணக்கிட்டது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன் தொடுவானத்துக்கு அப்பால் எதையாவது மறைத்து வைக்க முடிந்தால், அது தானாகவே வந்து விழும். மறைத்து வைக்க மேட்டைவிடச் சிறந்த பொருள் எது?

சொல்வது சுலபம். மேட்டை எதிர்பார்த்து அடுத்த சில மாதங்கள் நான் காய்களைப் பலி கொடுத்ததெல்லாம் வீணானது. அதிகம் முயன்றது எச்7 பலி. கேஸ்லிங் செய்த, அதாவது யானையோடு சேர்ந்து ஒரே நகர்த்தலில் ஓரத்துக்கு ஒதுங்கிய ராஜாவுக்கு முன்னால் நிற்கும் எச்7 சிப்பாயை பிஷப்பால் வெட்டுவது, ராஜா அதை வெட்டியதும் குதிரையை ஜி5க்குக் கொண்டுவந்து செக் கொடுப்பது, அப்புறம் ராணியை எச்5க்கு அனுப்புவது. கிரேகோ என்ற இத்தாலிய ஆட்டக்காரர் 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த தாக்குதல் இது. புத்தகத்தில் பார்க்கும்போது தானாக நடப்பதுபோல இருக்கும். பலகையில் நான் ஆடினால் எந்திரத்தின் குதிரை சாவகாசமாக எஃப்6க்குத் திரும்பி எச்7ஐக் காக்கும், இல்லாவிட்டால் அதன் பிஷப் எஃப்5க்கு வந்து நிற்கும். என் தாக்குதல் அங்கேயே செத்துவிடும், ஒரு பிஷப் நஷ்டம்.

தோற்ற ஆட்டங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எழுதி எழுதித்தான் ஒன்று பிடிபட்டது. பலி தோற்ற ஆட்டங்களில் எல்லாம், பலி கொடுத்த பிறகு எந்திரத்துக்கு நாலைந்து பதில்கள் இருந்தன. அவற்றில் சரியானதை அது கண்டுபிடித்துவிடும், அதில் அது கெட்டிக்காரன். பலி கொடுத்த பிறகு பதில்களே குறைந்துபோகிற நிலைகளைத்தான் நான் தேட வேண்டும். ராஜாவுக்குச் செக் விழும்போது முப்பது நகர்த்தல் இரண்டாகவோ ஒன்றாகவோ சுருங்கும். ஒரே ஒரு பாதைதான் என்றால் பத்துப் படி என்ன, பன்னிரண்டு படிகூட ஒரு சாதாரண மனிதன் மனதுக்குள் நடந்துபோக முடியும். எந்திரமோ பக்கவாட்டில் இருக்கும் எல்லாச் சந்துகளுக்குள்ளும் நுழைந்து பார்த்துக்கொண்டே வரும், பாதி வழியில் நேரம் முடிந்து நின்றுவிடும்.

சரி, அந்த ஆட்டத்துக்கு வருகிறேன். வெள்ளை எனக்கு. ராஜாவின் சிப்பாயை இ4க்குத் தள்ளினேன், எந்திரம் இ5. குதிரை எஃப்3, அதன் குதிரை சி6. பிஷப் சி4, அதன் பிஷப் சி5. ஆட்டத்தை இப்படித் தொடங்குவதற்கு இத்தாலியத் திறப்பு என்று பெயர். டி3க்கு ஒரு சிப்பாய், அதன் இன்னொரு குதிரை எஃப்6. என் இன்னொரு குதிரை சி3, அது கேஸ்லிங் செய்தது. நான் செய்யவில்லை, வேண்டுமென்றேதான் செய்யவில்லை. என் யானை எச்1இலேயே நிற்க வேண்டும்.

ஆறாவது நகர்த்தலில் பிஷப்பை ஜி5க்குக் கொண்டுபோய் அதன் எஃப்6 குதிரையை ராணியோடு சேர்த்துக் கட்டிப்போட்டேன். எந்திரம் எச்6 ஆடியது, பிஷப்பை விலகச் சொல்லும் நகர்த்தல். இந்த இடத்தில் எல்லோரும் பிஷப்பைப் பின்னால் இழுப்பார்கள், அல்லது குதிரையை வெட்டுவார்கள். நான் எச்4க்குச் சிப்பாயைத் தள்ளினேன். பிஷப்பை எடுத்துக்கொள் என்று அர்த்தம்.

எந்திரம் எடுத்துக்கொண்டது. ஒரு சிப்பாயைக் கொடுத்து ஒரு பிஷப் கிடைக்கிறது, அதன் தொடுவானத்துக்குள் ஆபத்து எதுவும் இல்லை. என் எச் சிப்பாய் ஜி5இல் வெட்டியது, எச் வரிசை முழுக்கத் திறந்துகொண்டது. என் யானை இப்போது எச்1இலிருந்து எச்8 வரை நேராகப் பார்க்கிறது. சிப்பாய் தாக்கியதால் அதன் குதிரை ஜி4க்கு ஓடியது. ஒன்பதாவது நகர்த்தலில் அதே சிப்பாயை ஜி6க்குத் தள்ளினேன்.

இந்தச் சிப்பாய் எனக்கு மிகவும் பிடித்தது. எஃப்7 சிப்பாய் இதை வெட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். முடியாது. எஃப்7 நகர்ந்தால் சி4இல் நிற்கும் என் பிஷப்பின் பார்வை நேராக ராஜா மேல் விழும். பக்கத்திலேயே வந்து நிற்கும் ஒரு சிப்பாயை, வெட்டும் தூரத்தில் இருந்தும் வெட்ட முடியாமல் நிற்கிறது அதன் சிப்பாய்.

அப்போதுதான் எந்திரம் குதிரையால் எஃப்2 சிப்பாயை வெட்டியது. ஒரே நேரத்தில் என் ராணியும் எச்1 யானையும் தாக்கப்பட்டன. என் ராஜா அந்தக் குதிரையை வெட்டவும் முடியாது, சி5 பிஷப் அதற்குக் காவல்.

நான் நாற்பது நிமிஷம் யோசித்தேன். எந்திரம் எவ்வளவு நேரமும் காத்திருக்கும், அதற்காக அதற்கு இன்றும் நன்றி சொல்வேன். ராணியை நகர்த்தினால் யானை போகும், யானை போனால் எச் வரிசை போகும், எச் வரிசை போனால் எல்லாமே போகும். அப்படியென்றால் ராணியை நகர்த்தக் கூடாது. இந்த எண்ணம் வந்ததும் லெகால் ஞாபகம் வந்தார். 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஆடியவர். ராணியைத் திரும்பியே பார்க்காமல் குதிரையால் இ5 சிப்பாயை வெட்டி, பிஷப்பாலும் குதிரைகளாலும் மேட் கொடுக்கும் முறை அவர் பெயரில்தான் வழங்குகிறது. என் பலகையிலும் அதே பிஷப், அதே இரண்டு குதிரைகள், அதே இ5 சிப்பாய். கூடுதலாக எனக்கு எச் வரிசையில் ஒரு யானை.

குதிரை இ5இல் வெட்டுகிறது, அது ராணியை எடுக்கிறது, நான் எஃப்7இல் சிப்பாயால் வெட்டிச் செக். இங்கிருந்து மனதுக்குள் ஒவ்வொரு அடியாக நடந்தேன். ராஜா எச் வரிசைக்குப் போக முடியாது, யானை பார்க்கிறது. சிப்பாயை ராஜா வெட்ட முடியாது, பிஷப்பும் குதிரையும் காவல். ஆக யானைதான் வெட்ட வேண்டும். பிஷப் யானையை வெட்டிச் செக், ராஜா எஃப்8. யானை எச்8இல் செக், ராஜா இ7. சி3 குதிரை டி5க்கு வந்து செக், ராஜா டி6.

அங்கே நின்றுவிட்டேன். ராஜா பலகையின் நடுவுக்கு வந்துவிட்டது, இனி ஓடிவிடும் என்று நினைத்தேன். பல தடவை அதே இடத்துக்கு வந்து அதே இடத்தில் நின்றேன். முன்னால் போகும் நகர்த்தல்களையே தேடிக்கொண்டிருந்ததுதான் காரணம். தாக்குதலில் இருக்கும்போது கண் பின்பக்கம் போகாது. கடைசியில் கிடைத்தது பின்வாங்கும் ஒரு நகர்த்தல். இ5 குதிரை சி4க்குத் திரும்புகிறது. செக். அது விட்டுவந்த இ5 கட்டத்தையும் அதே குதிரையே பார்த்துக்கொள்கிறது.

ராணியை எடுக்காமல் எந்திரம் வேறு ஏதாவது ஆடினால் என்ன ஆகும் என்பதை என்னால் முழுக்கக் கணக்கிட முடியவில்லை. குதிரை எஃப்3ஐ விட்டு வந்ததால் என் ராணிக்கு எச்5 போகும் வழி திறக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அதை நம்பி எஃப்3ஐ அழுத்தினேன், அப்புறம் இ5ஐ.

எந்திரம் சில வினாடி யோசித்தது. எஃப்2 எரிந்தது. டி1 எரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை இன்றும் நினைத்துப் பார்ப்பேன். எஃப்7இல் செக் கொடுத்தேன். 'பீப்' ஓசை அடங்குவதற்குள் பதில் விளக்கு எரிந்தது, யானை வெட்டியது. பிஷப்பால் வெட்டினேன். உடனே ராஜா எஃப்8. யானை எச்8. உடனே ராஜா இ7. குதிரை டி5. உடனே ராஜா டி6. நான்கு முறையும் அது யோசிக்கவே இல்லை. யோசிக்க அதற்கு எதுவும் இல்லை, ஒவ்வொரு முறையும் விதிப்படி அதற்கு ஒரே ஒரு நகர்த்தல்தான் இருந்தது. ராணியை எடுத்த கணத்திலிருந்து மேட் வரை அதற்கு ஒரு தேர்வுகூடக் கிடையாது. வெட்டும் நகர்த்தலையும் சேர்த்துப் பத்துப் படி. விரிந்த ஒரு நிலையில் பத்துப் படி பார்க்க வேண்டுமானால், 30 என்ற அதே கணக்கில், 590 லட்சம் கோடி நிலைகள். இங்கே நடக்க இருந்த பாதை ஒற்றையடிப் பாதை, அதை மனதுக்குள் நடந்து முடிக்க நாற்பது நிமிஷம் எனக்குப் போதுமாக இருந்தது.

செக் விழும் இடங்களில் மட்டும் கூடுதல் ஆழம் பார்க்கும் உத்தி பிற்காலத்தில் பல நிரல்களில் இருந்தது. அப்படிப்பட்ட எந்திரம் இந்தப் பொறியில் விழாது. அதையும் சொல்லத்தான் வேண்டும். இந்தப் பொறியே எனக்கு முன்னால் பலர் கண்டதுதான் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். அதனால் அந்த நாற்பது நிமிஷத்தின் மதிப்பு எனக்குக் குறையவில்லை.

எந்திரத்தை ஜெயிக்க அந்தக் காலத்தில் சொல்லப்பட்ட அறிவுரை இதற்கு நேர் எதிரானது. சிப்பாய்களை ஒன்றோடொன்று பூட்டி ஆட்டத்தை மூடிவை, ஒன்றும் செய்யாமல் காத்திரு, நீண்டகாலத் திட்டம் தெரியாமல் எந்திரம் தானாகக் கெடும் என்பார்கள். பத்து வருஷத்துக்குள் எந்தக் கணினியும் தன்னை ஒரு மேட்சில் ஜெயிக்காது என்று 1968இல் பந்தயம் கட்டிய ஸ்காட்லாந்து செஸ் ஆட்டக்காரர் டேவிட் லெவி, 1978இல் செஸ் 4.7 நிரலை 3.5–1.5 என்று ஜெயித்ததில் அந்தப் பொறுமைக்குப் பெரிய பங்கு உண்டு. புத்திசாலித்தனமான வழிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. எதிரே இருப்பதன் பலவீனத்துக்காகக் காத்திருப்பதைவிட, நான் கண்ட ஒன்றை அதன்மேல் நிகழ்த்துவதைத்தான் விரும்பினேன்.

எந்திரங்கள் சீக்கிரமே வளர்ந்துவிட்டன. 1996இல் ஐபிஎம்மின் டீப் புளூ கணினிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் உலக சாம்பியன் காஸ்பரோவ் அதன் ராஜாவை நோக்கிக் காய்களைத் திரட்டினார். எந்திரம் கடைசிவரை கணக்கிட்டு, தனக்கு ஆபத்தில்லை என்று கண்டு, வேறு பக்கத்தில் சிப்பாய்களை எடுத்துக்கொண்டே ஜெயித்தது. அந்த ஆட்டத்தை முதல் தடவை ஆடிப் பார்த்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. 1997இல் வினாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பார்த்த அதே டீப் புளூ, ஆறாவது ஆட்டத்தில் தானே இ6இல் ஒரு குதிரையைப் பலி கொடுத்தது. காஸ்பரோவ் 19 நகர்த்தலில் தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்தப் பலி எந்திரம் யோசித்துக் கண்டது இல்லை, அதற்குக் கொடுத்திருந்த திறப்புப் பட்டியலில் இருந்தது. 2017இல் ஆல்ஃபாஜீரோ வந்தபோது அந்த வேறுபாடும் போய்விட்டது. தனக்குத் தானே ஆடிக் கற்றுக்கொண்ட அந்த நிரல், ஸ்டாக்ஃபிஷ் என்ற வலிமையான செஸ் நிரலுடன் ஆடிய 100 ஆட்டத்தில் 28ஐ ஜெயித்து மீதி 72ஐ டிரா செய்தது. உடனடி லாபம் எதுவும் கண்ணில் தெரியாமலே சிப்பாய்களையும் காய்களையும் கொடுத்து, எதிரி ராஜாவை இருபது நகர்த்தல் நெருக்கும். அந்த ஆட்டங்களைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமை வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது.

என் ஆட்டத்தைப் பல வருஷம் கழித்துக் கைபேசியில் ஸ்டாக்ஃபிஷ்ஷிடம் காட்டினேன். பத்தாவது நகர்த்தலில் ராணியை அது தொடவில்லை. தொட்டால் ஐந்து நகர்த்தலில் மேட் என்று கண் சிமிட்டும் நேரத்தில் எழுதிவிட்டது. நானும் தனியாக உட்கார்ந்து அலசினேன். ஒன்பதாவதிலேயே கறுப்பு டி5க்கு ஒரு சிப்பாயைத் தள்ளியிருந்தால் என் பிஷப்பின் பாதை அடைபட்டிருக்கும், ஜி6 சிப்பாயின் மந்திரமும் போயிருக்கும். அந்த நகர்த்தலை அன்று நான் யோசிக்கவே இல்லை.

அந்த ராத்திரிக்குத் திரும்புகிறேன். குதிரையை சி4இல் வைத்து அழுத்தியதும் எந்திரம் வழக்கத்துக்கு மாறான ஒரு நீண்ட ஒலியை எழுப்பியது. அதுவரை நான் தோற்கும்போது மட்டும் கேட்ட ஒலி. அக்காதான் எனக்குச் செஸ் கற்றுக்கொடுத்தவள். சத்தம் கேட்டு எழுந்து வந்து பலகைக்கு முன்னால் நின்றாள். நான் மறுபடி தோற்றுவிட்டேன் என்று நினைத்துத்தான் வந்திருக்கிறாள். வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தாள்.

"ராணி எங்கடா?"

"பெட்டிக்குள்ள."

"அப்புறம் யாரு ஜெயிச்சது?"

நான் பதில் சொல்லவில்லை. அவள் குனிந்து, டி6இல் நின்ற கறுப்பு ராஜாவைச் சுற்றியிருந்த கட்டங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட ஆரம்பித்தாள். இ5, குதிரை பார்க்கிறது. இ6, பிஷப். இ7, இந்தக் குதிரை. டி5 குதிரையை ராஜா வெட்டலாமே என்று ஒரு கணம் நிறுத்தினாள், இ4 சிப்பாயைப் பார்த்ததும் விரலை எடுத்தாள். சி5இல் அதன் பிஷப், சி6இல் அதன் குதிரை, சி7இலும் டி7இலும் அதன் சிப்பாய்கள். எட்டுக் கட்டங்களையும் தொட்டு முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொட்டாள்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். பெட்டியைத் திறந்து வெள்ளை ராணியை எடுத்து டி1இல் வைத்தாள்.

"முதல்லேர்ந்து ஆடிக் காட்டு" என்றாள்.